விடுபட்டவர்களுக்காக அழுத பயிற்சியாளர்

அனைவருக்கும் வணக்கம். மைதானத்தில் பிள்ளைகளைப் பழக்குகிறவர்கள் நிறையப் பேர் இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் ஜப்பானின் ஜூடோ வீரர் கோசெய் இனோவேயைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன்.

2020 பிப்ரவரியில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான ஆண்கள் அணியை அறிவித்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் இனோவே, தேர்வாகாத வீரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு தடுமாறியது, கண்ணீர் வந்துவிட்டது. ஒலிம்பிக்கில் ஒரு எடைப்பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போக முடியும். ஜப்பானில் இரண்டாமிடத்தில் நிற்பவன் உலகச் சாம்பியனாகவே இருந்தாலும் வீட்டில்தான் இருக்க வேண்டும். அந்த வலியை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார்.

இந்த மனசு எங்கிருந்து வந்தது? அவருடைய ஆட்ட வாழ்க்கையைப் பார்த்தால் எனக்குப் புரிகிறது.

1978இல் மியாசாகி மாகாணத்தில் பிறந்தவர். அப்பா போலீஸ்காரர், அவரும் ஜூடோக்காரர். 1999இல் அம்மா இறந்துபோனார். அதே ஆண்டு மகன் பர்மிங்காமில் உலகச் சாம்பியன் ஆனார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 100 கிலோ பிரிவில் எல்லா ஆட்டங்களையும் இப்போனில் முடித்தார். இப்போன் என்றால் அதோடு ஆட்டம் சரி, புள்ளி எண்ண வேண்டிய வேலையே இல்லை. இறுதியில் கனடாவின் நிக்கோலஸ் கில். இனோவே உள்ளே புகுந்து, முதுகைக் காட்டித் திரும்பி, எதிராளியின் தொடைகளுக்கு நடுவே காலை விட்டு மேலே வீசினார். அதுதான் உச்சிமாத்தா. கில் முதுகு தரையில்! பதக்க மேடையில் இனோவே அம்மாவின் படத்தைக் கையில் பிடித்திருந்தார்.

2001இலும் 2003இலும் மறுபடி உலகப் பட்டம். 2004 ஏதென்ஸில் ஜப்பான் குழு முழுவதற்கும் அவர்தான் தலைவர். தங்கம் நிச்சயம் என்று நாடே நினைத்திருந்தது. காலிறுதியில் நெதர்லாந்தின் எல்கோ வான் டெர் கீஸ்டிடம் தோற்றார். அப்புறம் வெண்கலத்துக்கான வழியிலும் தோற்று, வெறுங்கையோடு திரும்பினார். 2008 பெய்ஜிங்குக்குத் தகுதி பெற முடியாமல் ஓய்வு பெற்றார். தேர்வாகாதவன் வேதனை என்னவென்று அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

2012 லண்டனில் ஜப்பான் ஆண்களுக்கு ஒரு தங்கம்கூட இல்லை. ஒலிம்பிக் ஜூடோவில் அவர்களுக்கு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. அந்த நேரத்தில்தான் இனோவே பொறுப்பேற்றார். சில மாதங்களில் இன்னொரு இடி. தேசியப் பெண்கள் அணியில் 15 பேர், பயிற்சியில் அடி வாங்கியதாகப் புகார் கொடுத்தது வெளியே வந்தது. அடித்து வளர்ப்பதுதான் கண்டிப்பு என்ற பழக்கத்துக்கு எதிரான குரல் அது. நம் மைதானங்களும் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இனோவே வேறு வழியில் போனார். ரஷ்யாவின் சாம்போ மாதிரி மற்ற நாட்டு மல்யுத்தங்களைப் படிக்க வைத்தார். எடைப்பயிற்சிக்குத் தனி நிபுணரைக் கொண்டுவந்தார். நாவோஹிசா தகாத்தோ என்ற இளம் வீரர் 2014இல் ஒழுங்கு மீறியபோது, பொறுப்பு என்னுடையதும்தான் என்று தன் தலைமுடியையே ஒட்ட வெட்டிக்கொண்டார். ஒரு பையன் மனதில் இது எப்படி இறங்கியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

2016 ரியோவில் ஏழு பிரிவிலும் பதக்கம், அதில் இரண்டு தங்கம். தள்ளிப்போய் 2021இல் நடந்த டோக்கியோவில் ஐந்து தங்கம். அந்த ஐந்தில் முதலாவதை வென்றது அதே தகாத்தோ.

டோக்கியோ முடிந்ததும் இனோவே விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் கெய்ஜி சுசுகி. ஏதென்ஸில் இனோவே வெறுங்கையோடு நின்ற அதே ஒலிம்பிக்கில், 100 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் தங்கம் வென்றவர் அவர்.