தராசின் முகம் யார் பக்கம்?

நடுவர் ஐயாவுக்கும், அறுவடை வேலைக்கு நடுவிலும் பந்தலுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். 'தள்ளாடும் நாட்டில் ஊழலை அடக்க முதலில் வேண்டியது கடும் தண்டனையா, திறந்த கணக்கா?' என்பது இன்றைய தலைப்பு. நான் திறந்த கணக்கு, அதாவது அரசின் கணக்கை மக்கள் பார்க்கத் திறந்து வைப்பது என்ற அணி.

எதிரணி அண்ணன் சிங்கப்பூரைச் சொன்னார். பயம் இருந்தால் கை நீளாது என்றார், பலத்த கைதட்டல் கிடைத்தது. சிங்கப்பூரில் தண்டனை வேலை செய்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே பிடிப்பதற்குப் போலீஸ் இருந்தது, விசாரிக்க நீதிமன்றம் இருந்தது, ஊழலுக்கென்றே தனி விசாரணை அமைப்பு 1952இலேயே வந்துவிட்டது. நம் தலைப்பு அப்படிப்பட்ட நாட்டைப் பற்றியதா? போரில் நொறுங்கிய நாடு, கஜானா காலியான நாடு, போலீசுக்கே சம்பளம் ஒழுங்காகப் போய்ச் சேராத நாடு. அங்கே சவுக்கை யார் கையில் கொடுப்பது? வேலியே பயிரை மேய்கிற இடத்தில் வேலியை இன்னும் இரண்டு முழம் உயர்த்தி என்ன பயன்?

கோடியக்கரையில் நின்று கடலைப் பார்த்தால் அந்தப் பக்கம் இலங்கை. அங்கே லஞ்ச ஊழலை விசாரிக்க ஆணைக்குழு அமைக்கும் சட்டம் 1994இல் வந்தது. 2022 ஏப்ரலில் அந்த நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் சனம் நாள் கணக்கில் வரிசையில் நின்றது. சட்டம் இருந்தது அண்ணே, இருபத்தெட்டு வருஷமாக இருந்தது. பிறகு கடன் கொடுக்க வந்தவர்கள் வைத்த நிபந்தனைகளில் சில என்ன தெரியுமா? அரசு கொடுக்கும் பெரிய ஒப்பந்தங்களை வெளியிடு, எந்த நிறுவனத்துக்கு வரிச்சலுகை கொடுத்தாய் என்று பட்டியல் போடு என்பதுதான்.

சரி, இன்னும் தள்ளாடிய நாட்டுக்குப் போவோம். உகாண்டா. இடி அமீன் ஆட்சி, அதற்குப் பிறகு உள்நாட்டுப் போர், 1986 வரைக்கும் ரத்தம். 90களில் தொடக்கப் பள்ளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் அனுப்பியது. அந்தப் பணம் எங்கே போகிறது என்று 250 பள்ளிகளில் கணக்கெடுத்தார்கள். 1991 முதல் 1995 வரை சராசரியாக 100 ரூபாய் கிளம்பினால் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது 13 ரூபாய். பல பள்ளிகளுக்கு ஒரு காசுகூட வரவில்லை. நானும் பள்ளி ஆசிரியைதான். சாக்பீஸுக்குக்கூட வழியில்லாத வகுப்பறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த 87 ரூபாயை நினைத்தால் வயிறு எரிகிறது.

அரசு என்ன செய்தது? எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளில் போட்டது, வானொலியில் சொன்னது. பள்ளியிலும் எழுதி ஒட்டு என்றது. தலைமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தங்களுக்கு வரவேண்டியது எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. 2001இல் பார்த்தபோது 100இல் 80க்கு மேல் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன, செய்தித்தாளுக்கு மட்டுமே பெருமை போகக் கூடாது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் செய்தித்தாள் விற்கும் கடைக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிகளுக்குத்தான் பணம் கூடுதலாகச் சேர்ந்தது என்றும் ஆய்வில் தெரிந்ததே, அதற்கு எதிரணியின் பதில் என்ன?

ஆப்கானிஸ்தானில் 2009இல் சில போலீஸ்காரர்களுக்குச் சம்பளத்தை அதிகாரி கையில் கொடுக்காமல் நேரே கைபேசி வழியாக அனுப்பிப் பார்த்தார்கள். சம்பளம் உயர்ந்துவிட்டது என்று சிலர் நினைத்துக்கொண்டார்களாம். முழுச் சம்பளத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள்! அந்த வெளிச்சம் நாடு முழுக்கப் பரவவில்லை. சம்பளப் பட்டியலில் பேர் இருந்தது, களத்தில் ஆள் இல்லை. 2021இல் அந்த அரசு சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போகிறோம், விமானத்தை அண்ணாந்து பார்க்கிறோம், வந்துவிடுகிறோம். அடுத்த தடவை கீழே சுவரைப் பாருங்கள். ராஜராஜன் கொடுத்தது, அவன் அக்கா குந்தவை கொடுத்தது, நகை, எடை, முத்து எண்ணிக்கை எல்லாம் கல்வெட்டில் இருக்கிறது. கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு என்று பேரோடு இருக்கிறது. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அந்த நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். அளக்கிற மரக்காலுக்குப் பேர் வைத்து அதைச் சுவரில் எழுதிய ஊர் இது ஐயா!

அந்த ஊரில் என் அப்பா நெல் போட்ட கதையைச் சொல்கிறேன். கொள்முதல் நிலைய வாசலில் சம்பா நெல்லைக் குவித்துவிட்டுப் பதினோரு நாள் காத்திருந்தார். ராத்திரி மழை வந்தால் தார்ப்பாயின் நான்கு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டு அதன் மேலேயே படுப்பார். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் திருப்பிவிடுவார்களே என்று தூக்கம் வராது. முறை வந்தபோது சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, 40 ரூபாய் கேட்டார்கள். அதில் சுமை தூக்குபவர்களுக்கும் ஒரு பங்கு போனது, அவர்கள் கூலியும் சொற்பம்தான், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் மனதில் தைத்தது வேறு. எலெக்ட்ரானிக் தராசின் முகம் எழுத்தர் பக்கம் இருந்தது. 40 கிலோ சிப்பம் என்றார்கள். 40தானா, 41ஆ? ஆறு மாதம் சேற்றில் நின்றவருக்கு அந்த எண் தெரியவில்லை.

அடுத்த வருஷம் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதினார். 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வரவேண்டும். தேதி வாரியாக எத்தனை சிப்பம் எடுத்தீர்கள், யார் முறை எப்போது, தராசு கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, அவ்வளவுதான் கேள்வி. யாரையும் பிடித்து உள்ளே போடச் சொல்லவில்லை. பதில் வருவதற்கு முன்பே முறைப் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டது. தராசையும் திருப்பி வைத்தார்கள்.

அந்த அறுவடைக்கு நானும் அப்பாவோடு போயிருந்தேன். சிப்பம் ஏற ஏற அப்பா எண்ணைச் சத்தமாகப் படித்தார். நாலைந்து சிப்பம் ஆனதும் எழுத்தர், "தெரியுது பெரியவரே, போதும்" என்றார். அப்பா நிறுத்தவில்லை. கடைசிச் சிப்பம் வரைக்கும் படித்தார், பின்னால் வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து படித்தார்கள்.

நேரம் தந்த நடுவர் ஐயாவுக்கு நன்றி, வணக்கம்.