காக்பிட் கதவு எப்போது திறக்க வேண்டும்?

[திரையில்: போயிங் 747-இன் மேல்தளம், அதன் முன்கோடியில் ஒரு சாதாரணக் கதவு]

2000-ம் ஆண்டு டிசம்பர் 29. லண்டன் கேட்விக்கிலிருந்து நைரோபிக்குப் போய்க்கொண்டிருந்தது பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2069. உள்ளே கிட்டத்தட்ட 400 பேர். மனநிலை சரியில்லாத பயணி ஒருவர் எழுந்து போய், காக்பிட்டுக்குள் நுழைந்து, விமானத்தை ஓட்டும் கன்ட்ரோலைப் பிடித்து இழுத்துவிட்டார். ஆட்டோபைலட் துண்டித்துக்கொண்டது. ஜம்போ ஜெட் ஆயிரக்கணக்கான அடி கீழே விழுந்தது. கேப்டனும் சில பயணிகளும் சேர்ந்து அந்த ஆளை இழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் நிலைக்கு வந்தது. நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்த ஆளிடம் துப்பாக்கியும் இல்லை, கத்தியும் இல்லை. எழுந்தார், போனார், அவ்வளவுதான். இது நடந்து எட்டரை மாதத்தில் செப்டம்பர் 11 வந்தது.

இன்றைக்கு அதே ஆள் அதே மாதிரி எழுந்து போனால் கதவோடு நின்றுவிடுவார். விமானப் பாதுகாப்பு என்றதும் ஸ்கேனர், முகத்தை அடையாளம் காணும் கேமரா, துப்பாக்கியோடு மாறுவேடத்தில் உட்காரும் ஏர் மார்ஷல் என்று என்னென்னவோ நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால், கடத்தல்காரனை விமானத்தின் கன்ட்ரோலிலிருந்து தள்ளி வைத்ததில் பெரும்பங்கு ஒரு கதவுக்கும், அதில் இருக்கும் தாழ்ப்பாளுக்கும்தான். அந்தக் கதவு எப்படி வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது என்று பார்ப்போம்.

[திரையில்: பழைய காக்பிட் கதவு, மெல்லிய பலகை]

முதலில் பழைய கதை. 2001 வரைக்கும் பெரும்பாலான விமானங்களில் காக்பிட் கதவு என்பது ஒரு மறைப்பு, அவ்வளவுதான். எடை குறைவாக இருக்க வேண்டும், உள்ளே வெளிச்சம் படக் கூடாது, விபத்து நடந்தால் விமானிகள் உதைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும், இதற்காகச் செய்த கதவு. நீண்ட பயணத்தில் குழந்தைகளை உள்ளே கூட்டிப்போய் மேகத்தைக் காட்டுவார்கள், கேப்டனோடு போட்டோ கூட எடுத்துக்கொள்ளலாம்.

கதவு மெலிசாக இருந்ததற்குப் பின்னால் ஒரு கொள்கையும் இருந்தது. கடத்தல்காரன் வந்தால் எதிர்க்காதே, கேட்டதைக் கொடு, அவன் சொல்லும் ஊரில் இறக்கு, மீதியைத் தரையில் பேசிக்கொள்ளலாம் என்றுதான் விமானிகளுக்கும் பணியாளர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அந்தக் காலத்துக் கடத்தல்காரனுக்கு வேண்டியது பணம், அல்லது சிறையில் இருக்கும் கூட்டாளி, அல்லது அரசியல் விளம்பரம். அவனும் உயிரோடு இறங்கத்தான் ஆசைப்பட்டான். 1978 டிசம்பரில் இரண்டு இளைஞர்கள் பொம்மைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு லக்னோவிலிருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்தி வாரணாசியில் இறக்கினார்கள், சிறையில் இருக்கும் இந்திரா காந்தியை விடுதலை செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. பின்னாளில் இரண்டு பேருமே காங்கிரஸ் சீட்டில் நின்று உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஆனார்கள். நம்ப முடியவில்லை அல்லவா, ஆனால் நடந்தது.

எல்லாமே இப்படிச் சிரிக்கும்படி முடியவில்லை. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐசி 814, அமிர்தசரஸ், லாகூர், துபாய் என்று அலைக்கழிக்கப்பட்டுக் கடைசியில் காந்தஹாரில் போய் நின்றது. பயணி ஒருவரைக் கொன்றார்கள். டிசம்பர் 31 வரை நீடித்த அந்தக் கடத்தல், சிறையில் இருந்த தீவிரவாதி மசூத் அசார் உட்பட மூன்று பேரை இந்தியா விடுவித்த பிறகுதான் முடிந்தது. விமானம் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் இடம் காக்பிட். அங்கே ஆயுதத்தோடு ஒருவன் வந்து நின்றுவிட்டால், அப்புறம் கேப்டன் வெறும் டிரைவர்.

இதை முதலில் புரிந்துகொண்டது இஸ்ரேலின் எல் ஆல் நிறுவனம். 1968 ஜூலையில் ரோமிலிருந்து டெல் அவிவ் போன அவர்களுடைய விமானத்தை அல்ஜீரியாவுக்குக் கடத்திப்போனார்கள். அதற்குப் பிறகு விதி கடுமையானது. 1970 செப்டம்பர் 6 அன்று எல் ஆல் 219-ல் இரண்டு பேர் ஆயுதங்களோடு எழுந்தபோது, கேப்டன் யூரி பார்-லெவ் கதவைத் திறக்க மறுத்துவிட்டார். மறுத்ததோடு விடவில்லை, மூக்கைக் கீழே அழுத்தி விமானத்தைச் செங்குத்தாகப் பாய வைத்தார். பெல்ட் போட்டிருந்த பயணிகள் சீட்டில் இருந்தார்கள், நின்றுகொண்டிருந்த கடத்தல்காரர்கள் நிலைகுலைந்து விழுந்தார்கள். விமானம் லண்டனில் பத்திரமாக இறங்கியது. அதே நாளில் வேறு நிறுவனங்களின் மூன்று விமானங்களைக் கடத்தல்காரர்கள் கைப்பற்றிவிட்டார்கள். இவ்வளவு பட்டவர்த்தனமாகப் பாடம் கிடைத்தும் மற்ற நாடுகள் இன்னும் முப்பது வருடம் மெல்லிய பலகையோடுதான் பறந்தன.

செப்டம்பர் 11 பழைய கணக்கையே கிழித்துப் போட்டது. வந்தவர்களுக்குப் பேச்சுவார்த்தை வேண்டியிருக்கவில்லை, விமானமே ஆயுதமாக வேண்டியிருந்தது. விமானிகள் கற்றுக்கொண்டிருந்த "ஒத்துப்போ" என்ற விதி அந்தக் காலையில் அவர்களுக்கு எதிராகவே திரும்பியது. விமானத்தின் அடையாள எண்ணைத் தரைக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7500 என்று எண்ணைத் திருகினால் "கடத்தப்பட்டிருக்கிறோம்" என்று தரையில் தெரிந்துவிடும், ஆனால் நான்கு விமானங்களில் ஒன்றிலிருந்துகூட அந்த எண் வரவில்லை. நேரமே கிடைக்கவில்லை.

[திரையில்: புதிய கதவின் குறுக்குவெட்டுப் படம்]

சரி, இப்போது புதிய கதவு. அடுத்த சில வாரங்களிலேயே அமெரிக்க நிறுவனங்கள் கதவுக்குப் பின்னால் குறுக்குக் கம்பி போட ஆரம்பித்துவிட்டன. 2002 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதி வந்தது, 2003 ஏப்ரல் 9-க்குள் பயணிகள் விமானங்களில் கதவை மாற்றியாக வேண்டும். 60 பேருக்கு மேல் ஏற்றும் விமானங்களுக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வைத்த கெடு அதே ஆண்டு நவம்பர் 1.

புதிய கதவைக் கைத்துப்பாக்கிக் குண்டு துளைக்கக் கூடாது. 300 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். 300 ஜூல் என்றால், 80 கிலோ ஆள் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவந்து தோளால் இடிக்கிற அளவு. கைப்பிடியைப் பிடித்து இழுத்தாலும் சுமார் 113 கிலோ எடைக்குச் சமமான இழுவையைத் தாங்க வேண்டும்.

இதுவரைக்கும் சுலபம். கனமான கதவு செய்வது இரும்புப் பட்டறைக்காரருக்கே தெரியும். கஷ்டம் என்னவென்றால், இந்தக் கதவு சில நேரங்களில் திறந்தே ஆக வேண்டும்.

முதலாவது, காற்றழுத்தம். 35,000 அடியில் காக்பிட் கண்ணாடி ஒன்று உடைந்தது என்று வையுங்கள். காக்பிட்டில் இருக்கும் காற்று நொடியில் வெளியேறிவிடும், பின்னால் பயணிகள் இருக்கும் கேபினில் அழுத்தம் அப்படியே இருக்கும். நடுவில் அசையாத ஒரு சுவர் நின்றால் அந்த அழுத்த வித்தியாசத்தில் சுவரோ தரையோ பிய்ந்துவிடும். அதனால் ஏர்பஸ் ஏ320-ல் அழுத்தம் திடீரென்று விழுவதை உணரும் சென்சார்கள் வைத்திருக்கிறார்கள், அவை சொன்னதும் தாழ்ப்பாள் தானாக விடுபடும். வேறு சில விமானங்களில் கதவிலேயே பிய்த்துக்கொண்டு திறக்கும் பலகை இருக்கும். ஆள் மோதினால் திறக்கக் கூடாது, காற்று மோதினால் திறக்க வேண்டும். இரண்டையும் ஒரே கதவு பிரித்துப் பார்க்க வேண்டும்!

இரண்டாவது, விமானிகளே மயங்கிவிட்டால்? 2005 ஆகஸ்ட் 14, சைப்ரஸின் லார்னகாவிலிருந்து கிளம்பிய ஹீலியோஸ் 522. கேபினில் காற்றழுத்தம் ஏறவில்லை, விமானிகள் மயங்கினார்கள், ஆட்டோபைலட் மட்டும் ஏதென்ஸ் வரை ஓட்டிப்போய் அங்கேயே வட்டமடித்தது. பக்கத்தில் பறந்து வந்த கிரேக்கப் போர் விமானிகள், எரிபொருள் தீரும் நேரத்தில் ஒருவர் காக்பிட்டுக்குள் வருவதைப் பார்த்தார்கள். அவர் கேபின் பணியாளர். கேப்டன் சீட்டில் உட்கார்ந்தார், ஆனால் இன்ஜின் நின்றுபோக ஆரம்பித்துவிட்டது. 121 பேரும் இறந்தார்கள். வெளியே இருக்கும் நல்லவர் உள்ளே போக ஒரு வழி இருந்தாக வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

[திரையில்: கீபேட், மூன்று நிலை கொண்ட சிறிய சுவிட்ச்]

இந்த இரண்டாவது சிக்கலுக்கு ஏ320-ல் இருக்கும் ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. கதவுக்கு வெளியே ஒரு கீபேட். சாதாரணமாகப் பணியாளர் பட்டனை அழுத்தினால் உள்ளே பஸர் அடிக்கும், விமானி கேமராவில் யாரென்று பார்த்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவிட்சைத் திறக்கும் பக்கம் பிடித்துக்கொள்வார். கையை விட்டால் சுவிட்ச் நடுநிலைக்குத் திரும்பிவிடும். உள்ளே இருந்து பதிலே வராவிட்டால் பணியாளர் அவசர எண்ணை அடிக்கலாம். ஆனால் உடனே திறக்காது. உள்ளே பஸர் விடாமல் கத்தும், வழக்கமாக 15 விநாடி. அதற்குள் உள்ளே இருப்பவர் சுவிட்சைப் பூட்டும் பக்கம் தட்டிவிட்டால் கோரிக்கை ரத்து, கீபேடே சுமார் ஐந்து நிமிடம் செத்துப்போகும். யாரும் தட்டாவிட்டால் 5 விநாடி மட்டும் தாழ் விடுபடும், அதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும்.

யோசித்துப் பாருங்கள், பணியாளரின் கழுத்தில் கத்தி வைத்து எண்ணைப் பிடுங்கினாலும் பயன் இல்லை, உள்ளே நினைவோடு ஒருவர் இருக்கும்வரை. மயங்கிக் கிடப்பவரால்தான் மறுக்க முடியாது. இவ்வளவு தீர்மானமும் ஒரு டைமரிலும் ஒரு சுவிட்சிலும் அடங்கிவிட்டது.

ஆனால் இதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. உள்ளே இருப்பவர் நல்லவர், வெளியே இருப்பவர் மேல்தான் சந்தேகம்.

2014 பிப்ரவரி 17 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து ரோமுக்குப் போன எத்தியோப்பியன் 702-ல் கேப்டன் டாய்லெட்டுக்குப் போனார். துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு, விமானத்தை நேராக ஜெனீவாவுக்கு ஓட்டிப்போய் அடைக்கலம் கேட்டார். (இதில் ஒரு கூத்து, சுவிஸ் விமானப்படை அப்போது ஆபீஸ் நேரத்தில்தான் வேலை பார்த்தது, விடியற்காலையில் வந்த கடத்தல் விமானத்துக்குத் துணையாகப் பறந்தவை இத்தாலிய, பிரெஞ்சு போர் விமானங்கள்.) அதற்கு மூன்று மாதம் முன்னால் மொசாம்பிக்கின் எல்.ஏ.எம். 470-ல் துணை விமானி வெளியே போன நேரத்தில் கேப்டன் கதவைப் பூட்டி நமீபியாவில் விமானத்தை வேண்டுமென்றே மோதினார், 33 பேர் இறந்தார்கள். உலகம் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் 9525 பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 பேர் இறந்தபோதுதான் கவனித்தது. கேப்டன் வெளியே போனதும் துணை விமானி உயரத்தை 38,000 அடியிலிருந்து 100 அடிக்கு மாற்றி வைத்துவிட்டார். பஸர், தட்டும் சத்தம், கதவைப் பலமாக இடிக்கும் சத்தம் எல்லாமே கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது. 300 ஜூலைத் தாங்கச் செய்த கதவு, தாங்கியது.

அதற்காகப் பழைய பலகைக் கதவுக்கே திரும்பிவிடலாமா என்றால், கூடாது என்பேன். வெளியிலிருந்து உடைக்க முடிகிற எந்தப் பூட்டும் கடத்தல்காரனுக்கும் உடைந்துகொடுக்கும். தீர்வைக் கதவில் தேடாமல் ஆளில் தேடினார்கள். ஒரு விமானி வெளியே போனால் கேபின் பணியாளர் ஒருவர் உள்ளே வந்து நிற்க வேண்டும் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு அந்த வாரமே பரிந்துரைத்தது. ஜெர்மன் நிறுவனங்கள் 2017-ல் அதைக் கைவிட்டன, ஆள் மாறுவதற்காகக் கதவை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது என்று. அந்த வாதம் எனக்கு முழுதாக ஒப்பவில்லை, ஆனால் கதவு திறந்திருக்கும் நேரம்தான் மிச்சமிருக்கும் ஓட்டை என்பது உண்மை.

[திரையில்: விமானத்தின் முன்பக்கச் சமையலறை, டிராலி குறுக்கே நிற்கிறது]

அடுத்த முறை முன்வரிசையில் சீட் கிடைத்தால் பாருங்கள். விமானி டாய்லெட்டுக்கு வரும் முன் பணியாளர் திரையை இழுத்துவிட்டு வழியை மறித்து நிற்பார், பல நிறுவனங்களில் சாப்பாட்டு டிராலியையே குறுக்கே நிறுத்தி பிரேக் போடுவார்கள். கோடிக்கணக்கில் செலவு செய்த பாதுகாப்பு அந்தச் சில விநாடிகளுக்கு ஜூஸ் டப்பா அடுக்கிய டிராலியை நம்பி நிற்கிறது. இதற்குப் பதிலாகக் கதவுக்கு முன்னால் மடக்கி விரிக்கும் இரண்டாவது தடுப்பு ஒன்று வேண்டும் என்று, செப்டம்பர் 11 அன்று இறந்த கேப்டன் விக்டர் சாராசினியின் குடும்பமும் அமெரிக்க விமானிகளும் வருடக்கணக்காகப் போராடினார்கள். உள்ளே பாய வருபவனைச் சில விநாடி தாமதப்படுத்தினால் போதும், அதற்குள் உண்மையான கதவு மூடிவிடும். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமாக்கியது. எஃப்.ஏ.ஏ. விதி எழுதி முடிக்க 2023 ஆனது. அதுவும் புதிதாகத் தயாரிக்கும் விமானங்களுக்கு மட்டும்தான், ஏற்கனவே பறந்துகொண்டிருந்தவற்றுக்கு அந்த விதி டிராலியையே விட்டுவைத்தது.

கதவால் முடியாத ஒன்றும் இருக்கிறது. 2016 மார்ச்சில் எகிப்து ஏர் 181-ல் ஒருவர் இடுப்பில் போலி வெடிகுண்டு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சைப்ரஸுக்குப் போகச் சொன்னார். காக்பிட்டுக்குள் கால் வைக்கவே இல்லை, மிரட்டல் போதுமானதாக இருந்தது, கேப்டன் லார்னகாவில் இறக்கினார். ஆனால் ஓட்டியது கேப்டன். எங்கே, எப்படி இறக்குவது என்பது கடைசிவரை அவர் கையில் இருந்தது, பயணிகள் எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.