மின்சாரம் போனால் கணக்கு என்னாகும்?

(யாழ்ப்பாணத்தில் மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மென்பொருள் துறைக்கு வரும் ஆசையோடும், அரச வேலையே நல்லது என்று நினைக்கும் பெற்றோரோடும் வந்திருக்கும் மாணவர்களே, வணக்கம்.

சிறிய நிறுவனம் எப்படி மென்பொருள் செய்கிறது என்று பேசச் சொன்னார்கள். நாங்கள் மருந்தகங்களுக்கும் பலசரக்குக் கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடலாம். ஆகவே எங்களைவிடப் பெரிய காரியம் செய்த இன்னொரு சிறிய குழுவைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தளம், அதாவது தகவல்களை ஒழுங்காகச் சேமித்து வைக்கும் மென்பொருள், உங்கள் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. அதை 2000ஆம் ஆண்டில் தொடங்கியவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப். அப்போது அவர் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே இருந்த தரவுத்தளம் தனியாக ஒரு சேவையகத்தில், அதாவது மற்ற நிரல்களுக்குத் தரவு வழங்கும் இடத்தில், ஓடியது. அது நின்றால் இவருடைய நிரலும் நிற்கும். பழி இவர்மேல் விழும். சேவையகமே வேண்டாம், ஒரு கோப்புப் போதும் என்று நினைத்தார். இன்றும் அதன் மைய நிரலை எழுதுகிறவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நிரல் பொதுச்சொத்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் வெளியார் எழுதித் தருவதை அவர்கள் இலகுவில் ஏற்பதில்லை. 2050 வரை பராமரிப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். நிரலைவிடச் சோதனைக்காக எழுதிய நிரல் பல நூறு மடங்கு பெரியது.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? எங்கள் மென்பொருளும் கடைக் கணக்கை எஸ்கியூலைட்டில்தான் வைக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். மருந்தகத்தில் ஒருவர் இரண்டு அட்டை பனடோல் வாங்குகிறார். இருப்பில் இரண்டு குறைய வேண்டும், காசில் அதன் விலை கூட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் போனால்? எஸ்கியூலைட் கோப்பில் கை வைக்குமுன், மாறப்போகும் பகுதியின் பழைய வடிவத்தை அருகில் ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கும். வேலை முழுதாக முடிந்தபின் அந்தச் சிறு கோப்பை அழிக்கும். மறுபடி திறக்கும்போது அது அழியாமல் கிடந்தால், வேலை பாதியில் நின்றது என்று அறிந்து பழைய பகுதியைத் திருப்பி வைத்துவிடும். விற்பனை முழுதாகப் பதிவாகும். இல்லையேல் பதிவாகவே ஆகாது.

எங்கள் அலுவலகத்தில் புதிய பதிப்பு வெளியிடுமுன் ஒரு பிள்ளை பற்றுச்சீட்டுகளைச் சேமித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் சொல்லாமல் கொள்ளாமல் வயரைப் பிடுங்குவார். ஹிப்பின் ஆட்கள் கணினிக்குள்ளேயே போலியாக நடத்தும் மின்தடைச் சோதனையின் ஏழை வடிவம் இது. பிடுங்கும் வேலைக்குத்தான் போட்டி அதிகம்.

இன்னொன்று, ‘ஸ்ரீ’. யாழ்ப்பாணத்துக் கடையின் கடன் கொப்பியில் இந்த எழுத்து இல்லாத பக்கம் குறைவு. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) இதை ‘ஸ’விலும் தொடங்கலாம், 2005இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’விலும் தொடங்கலாம். பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றுதான்; கணினிக்கு இரண்டு ஆட்கள். ஸ்ரீதரன் கடன் வாங்கியது ஒரு கணக்கில் ஏறும், கொடுத்துத் தீர்த்தது மற்றதில் ஏறும். பிறகு கடைவாசலில் சண்டை. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளச் செய்யச் சில வரி நிரல் போதும். ஆனால் அதைக் கவனிக்க, கடன் கொப்பியைப் பார்த்தவர் ஒருவர் வேண்டும்.

கடினமானது மறுப்பதுதான். “தம்பி, வாடிக்கையாளர் வாங்க வாங்கப் புள்ளி சேரும் அட்டை ஒன்று சேர்த்துத் தாருங்கள், எங்கள் சொந்தக்காரப் பிள்ளைதானே” என்பார்கள். ஒரு கடைக்காகச் சேர்ப்பதை எல்லாக் கடைக்கும் ஆண்டுக்கணக்கில் சுமக்க வேண்டும். மூன்று கடைகள் தனித்தனியாகக் கேட்டால்தான் யோசிப்போம். சொந்தக்காரர் கோபிப்பார், அடுத்த கல்யாண வீட்டில் சமாளித்துக்கொள்ளலாம்.

கடைக்காரர்கள் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு: “நீங்கள் மூடிவிட்டால் என் கணக்கு?” அவருடைய தரவு அவருடைய கணினியில் ஒரே கோப்பாக இருக்கிறது. அதன் அமைப்பு பகிரங்கமானது. கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைப்பதில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் யாரும் இலவசக் கருவி ஒன்றால் அதைத் திறந்து வாசிக்கலாம். வாடிக்கையாளர் இலகுவாக வேறிடம் போய்விடுவாரே என்று சக தொழில்காரர் ஒருவர் கேட்டார். போகலாம். அதனால்தான் ஆண்டுக் கட்டணத்தை ஒவ்வொரு ஆண்டும் கேட்டு வாங்குகிறோம்.