நோயோடு வாழும் வீட்டின் ஐந்தொகை

நேயர்களுக்கு வணக்கம்.

வந்து போகும் நோய்க்கும் வந்து தங்கிவிடும் நோய்க்கும் வீட்டுக் கணக்கில் பெரிய வேறுபாடு உண்டு. டைபாய்டு காய்ச்சல் என்றால் கைமாற்று வாங்கியாவது வைத்தியம் பார்த்துவிட்டு, உடம்பு தேறியதும் உழைத்து அடைத்துவிடலாம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, முடக்குவாதம், இதய நோய் போன்றவை அப்படி விடைபெற்றுப் போவதில்லை. அவை செலவைக் கூட்டுகின்றன, வரவையும் குறைக்கின்றன, எந்த மாதத்தில் எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவன் என்ற இரண்டு தகுதிகளோடு இன்று பேச வந்திருக்கிறேன். 'முதலில் கடனை அடை, பிறகு சேமி' என்று நல்ல உடம்புக்காரர்களுக்குச் சொல்லும் அறிவுரையை, தீராத நோய் உள்ள குடும்பம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

செட்டிநாட்டில் கணக்கு எழுத யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடைகள் நடந்த காலத்தில் அங்கிருந்து ஊருக்கு ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கு வந்துகொண்டிருந்தது. கையிருப்பு எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதை முதலாளி ஊரில் இருந்தபடியே அறிந்துகொண்டார். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்டபோது சென்னையோடும் ரங்கூனோடும் சேர்த்துக் காரைக்குடியிலும் கிளை திறந்தார்கள் என்றால், இந்தப் பக்கத்து மக்கள் பணத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் இன்று நோயாளி உள்ள பல வீடுகளில் மருந்துக்கடை ரசீதுகள் ஒரு மஞ்சப்பையிலும், நகைக்கடன் சீட்டுகள் பீரோவிலும், கைமாற்று வாங்கிய விவரம் வாங்கியவர் மனத்திலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. மூன்றையும் ஒரே நோட்டுக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை.

எனக்குத் தெரிந்த ஒருவரின் நோட்டைச் சொல்கிறேன். காரைக்குடிப் பக்கம் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். நாற்பத்தைந்து வயதில் முடக்குவாதம் வந்துவிட்டது. நோய் அடங்கியிருக்கும் வாரங்களில் முந்நூறு பேருக்கு ஆக்கிப் போடுவார்; மூட்டு வீங்கிவிட்டால் கரண்டியைப் பிடிக்க முடியாது. வைகாசியிலும் ஆவணியிலும் வேலை குவியும், ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பு மூட்ட ஆள் கூப்பிடமாட்டார்கள். வைத்தியத்துக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டதற்கு, '1,400 ரூபாய்' என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் சொன்னார்கள். அது மருந்துக்கடைக்குக் கொடுக்கும் பணம் மட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்கு 1,200, அதாவது மாதத்துக்கு 400. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மதுரை டாக்டரைப் பார்க்க வேண்டும். அவருடைய கட்டணம், இரண்டு பேருக்குப் பஸ், ஆட்டோ, சாப்பாடு, கூடப் போகும் மனைவி இழக்கும் ஒருநாள் கூலி எல்லாம் சேர்த்து 2,000, மாதத்துக்கு 1,000. கூட்டிப் பார்த்தால் 2,800 வருகிறது. அவர்கள் நினைத்திருந்ததற்குச் சரியாக இரண்டு மடங்கு. மிச்சப் பாதிக்கு இதுவரை எங்கிருந்து பணம் வந்தது என்று கேட்டபோதுதான் கைமாற்றுக் கடனின் கதையே வெளியே வந்தது.

அவருக்கு வங்கியில் 80,000 ரூபாய் நகைக்கடன், ஆண்டுக்கு 9 சதவீதத்தில். வெளியில் 50,000 ரூபாய், மூன்று வட்டியில். நம் பக்கத்துப் பேச்சில் மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். அதே கணக்கில் வங்கி நகைக்கடன் வெறும் முக்கால் வட்டி. 80,000 ரூபாய்க்கு மாதம் 600 வட்டி, அதைவிடச் சிறிய 50,000 ரூபாய்க்கு மாதம் 1,500. வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து கையில் 40,000 ரூபாய் சேர்ந்தபோது, வீட்டார் நகையைத் திருப்பத்தான் துடித்தார்கள். மனைவியின் சங்கிலி பாங்கியில் இருப்பது பத்துப் பேர் கூடும் இடத்தில் தெரிந்துவிடும், வெளிக்கடன் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் 25,000 ரூபாயை நகைக்கடனில் கட்டினால் மாதம் குறைவது 190 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு; வெளிக்கடனில் கட்டினால் குறைவது 750 ரூபாய். கௌரவத்துக்கு மாதம் 560 ரூபாய் விலை கொடுக்க முடியுமா என்று கேட்டேன். சங்கிலி பாங்கியிலேயே இருக்கட்டும் என்று அந்த அம்மாதான் முடிவு சொன்னார்.

மீதி 15,000 ரூபாயைப் பற்றித்தான் எங்களுக்குள் வாக்குவாதம். அதையும் வெளிக்கடனில் கட்டிவிட வேண்டும் என்பது சமையல்காரர் கட்சி. கணக்குப்படி அவர் சொன்னதே சரி. 15,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு அதே தொகைக்கு மாதம் 450 ரூபாய் வட்டி கட்டுவது நல்ல உடம்புக்காரருக்கு வீண் செலவு. இவருக்கு அப்படி அல்ல. ஆடி மாதத்தில் வேலையும் இல்லாமல், மூட்டும் வீங்கி, மருந்தும் தீர்ந்துவிட்டால் அவர் மறுபடியும் அதே வட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். கை ஓய்ந்தவனுக்கு யாரும் மூன்று வட்டிக்குக் கொடுப்பதில்லை, ஐந்து கேட்பார்கள் அல்லது இல்லை என்பார்கள். இல்லை என்றால் மருந்து நிற்கும். முடக்குவாதத்தில் மருந்தை நிறுத்தினால் வலி திரும்புவதோடு போகாது. மூட்டு நிரந்தரமாகச் சிதையும், அதன்பின் வருமானம் என்பதே இருக்காது. ஆகவே ஐந்து மாத வைத்தியச் செலவைத் தனிக்கணக்கில் போட்டு, அதற்கு ஏடிஎம் அட்டையே வாங்காமல் வைத்தோம். அந்த 450 ரூபாயை வட்டியாகப் பார்க்காதீர்கள், வேலை செய்யும் கைகளுக்குக் கட்டும் காப்பீட்டுத் தொகையாகப் பாருங்கள் என்றேன். இதே 15,000 ரூபாயைக் கொழும்பு, ரங்கூன் காலத்துப் பெரியவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்ததுண்டு. கையிருப்பு இல்லாத கடையை அவர்கள் ஒருநாளும் திறந்து வைத்திருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

செலவைக் குறைக்கும் வழிகளில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவது சிக்கனம் ஆகாது. அதே மருந்தின் பொதுப்பெயர் (ஜெனரிக்) வகையை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் அவை வெகுவாக விலை குறைந்து கிடைக்கின்றன. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அரசாங்க மாத்திரை கேட்காது என்று சொல்லி வாங்க மறுப்பவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன், மூன்று மாதம் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டச் சொல்கிறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. டயாலிசிஸ் உட்படப் பல சிகிச்சைகள் அதில் அடங்கும். ஆனால் மாதாமாதம் கடையில் வாங்கும் மாத்திரைக்கு அது பணம் தராது என்பதால், அட்டை இருக்கிறதே என்று மருந்துப் பணத்தை ஒதுக்காமல் இருந்துவிடக் கூடாது. தனியார் காப்பீடு எடுப்பவர்கள் இருக்கும் நோயை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால், பணம் தேவைப்படும் நாளில் கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள். சொல்லி எடுத்தால், 2024-இல் வந்த விதிகளின்படி முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேல் போகக் கூடாது. இன்றே எடுத்தாலும் மூன்றாண்டு ஆகலாம் என்று கணக்கிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இனி நம் ஊருக்கே உரிய இரண்டு சங்கடங்கள். முதலாவது வளவு வீட்டுப் பங்கு, அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீட்டில் உள்ள பங்கு. தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையுமாக அரண்மனை போன்ற வீடு. உள்ளே, டயாலிசிசுக்குப் போய்வரக் கார் வாடகை கொடுக்க வழியில்லாத முதியவர். பங்காளிகள் பதினைந்து பேரும் கையெழுத்திட்டால்தான் விற்க முடியும், அவர்களில் சிலர் வெளிநாட்டில் இருப்பார்கள். அந்தப் பங்கை ஐந்தொகையில் சொத்து என்று எழுதலாம், கையிருப்பு என்று எழுதக் கூடாது. அதை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் அகலக்கால் வைக்கிறார்கள். வேறு சிலர் பெட்டகம், பீங்கான், எனாமல் சாமான் என்று ஒவ்வொன்றாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். விற்பதில் தவறில்லை, ஆனால் அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்று அந்த மாத மருந்துக்கே செலவழிப்பதைவிட, நல்ல விலை வரும்போது விற்று அந்தத் தொகையை வைப்பில் போட்டு வட்டியில் மருந்து வாங்குவது மேல். அறுபது வயது கடந்தவர்களுக்கு அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி தருகிறது. இரத்தப் பரிசோதனைத் தேதியை அந்த வட்டி வரும் வாரத்தில் வைத்துக்கொண்ட ஒரு ஆச்சியை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, சீரும் மொய்யும். செய்ய வேண்டிய முறையைச் செய்யாமல் விட்டால் பேச்சு வரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோயை மறைப்பதற்காகவே வழக்கத்தைவிடக் கூடுதலாக மொய் எழுதும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். புதுக்கோட்டைக்குக் கிழக்கே கீரமங்கலம், வடகாடு பக்கம் நடக்கும் மொய் விருந்தில் வட்டியில்லாப் பணம் கிடைக்கும் என்று நோயாளிக் குடும்பங்களுக்கு யோசனை சொல்கிறவர்களும் உண்டு. வட்டி இல்லை என்பது உண்மைதான். ஆனால் திருப்பிச் செய்ய வேண்டிய தேதியை நீங்கள் தீர்மானிப்பதில்லை, அடுத்தவர் வீட்டு விருந்து தீர்மானிக்கிறது. அந்த மாதம் நீங்கள் படுக்கையில் இருக்கலாம். ஏலச்சீட்டிலும் இதே சிக்கல்தான். சீட்டை முதலிலேயே எடுத்துவிட்டுப் பிறகு படுத்துவிட்டால், மீதித் தவணைகள் கழுத்தைப் பிடிக்கும். சீட்டுப் போடுவதாக இருந்தால் பதிவு பெற்ற இடத்தில், மோசமான மாதத்திலும் கட்டக்கூடிய தொகைக்கு மட்டும் போடுங்கள்.

தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். 90 நாள் நிலுவையானால் கடன் வாராக்கடன் கணக்கில் ஏறிவிடும். அதன்பின் மேலாளர் நினைத்தாலும் செய்யக்கூடியது சுருங்கிவிடும். மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே வந்தவருக்குத் தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்கப் பரிந்துரை எழுதுவது எங்களுக்கு எளிதாக இருந்தது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வெளிக்கடனில் மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று மிரட்டுவோர் மீது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவல்துறையில் புகார் கொடுக்கலாம்.

கடைசியாக, கையெழுத்தைப் பற்றி ஒரு செய்தி. விரல் வீங்கியவரின் கையெழுத்து மாறிப்போகும். மாதிரியோடு பொருந்தவில்லை என்று காசோலை திரும்பும். மருத்துவமனையில் படுத்திருக்கும்போதுதான் அது நடக்கும். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே வங்கிக்குச் சென்று புதிய மாதிரிக் கையெழுத்தைக் கொடுத்துவிடுங்கள். கணவன், மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கணக்கை மாற்றி, வாரிசு நியமனத்தையும் பதிந்துவிடுங்கள். கையெழுத்தே போட முடியாதவர், வங்கி அறிந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க விதி இருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கிளையில் யாராவது முடியாது என்று சொன்னால், நோயுற்ற வாடிக்கையாளருக்கான ரிசர்வ் வங்கி விதி என்று சொல்லி மேலாளரைப் பார்க்கக் கேளுங்கள்.

வணக்கம்.