வாணியம்மாவும் வானொலிப் பெட்டியும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூரில் ஒரு சிறுமி. இலங்கை வானொலியில் இந்திப் பாட்டு ஒலிக்கும் நேரம் வந்துவிட்டால் பெட்டியை விட்டு நகரவே மாட்டாள். பாட்டு மட்டுமா, நடுவில் வரும் வாத்திய இசைகூட அவளுக்கு மனப்பாடம். கலைவாணி என்ற அந்தச் சிறுமிதான் பின்னாளில் நாம் கேட்டு மயங்கிய வாணி ஜெயராம். பிறந்தது 1945 நவம்பர் 30.

கர்நாடக சங்கீதம் சின்ன வயதிலேயே கற்றவர். படித்து முடித்து ஸ்டேட் பாங்கில் வேலைக்குப் போனார். கல்யாணமாகி பம்பாய்க்குக் குடிபோனபோது, கணவர் ஜெயராம்தான் இந்துஸ்தானியும் கற்றுக்கொள் என்று ஊக்கப்படுத்தினார். பாட்டியாலா கரானா என்ற இந்துஸ்தானி இசை மரபைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் பாடம். பாடிப் பழகவே நாள் போதவில்லை. நிரந்தரமான பாங்க் வேலையை விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1971இல் வசந்த் தேசாய் இசையில் 'குட்டி' என்ற இந்திப் படம். மழைக்கான ராகமான மியான் கி மல்ஹாரில் அவர் பாடிய பாட்டு வடநாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. தமிழில் 1974இல் 'தீர்க்க சுமங்கலி' படத்தின் மல்லிகைப் பாட்டு வந்ததும் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டார். அடுத்த ஆண்டு 'அபூர்வ ராகங்கள்'. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் பல ராகங்களைக் கோத்த ராகமாலிகையாக அமைத்த 'ஏழு ஸ்வரங்களுக்குள்' பாட்டுக்குத் தேசிய விருது. அப்புறம் 'சங்கராபரணம்', 'ஸ்வாதி கிரணம்' என்ற தெலுங்குப் படங்களுக்காக இன்னும் இரண்டு.

விருதுப் பாட்டுகளைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நான் சொல்ல ஆசைப்படுவது இன்னொன்றை. 1978இல் வந்த 'முள்ளும் மலரும்'. இளையராஜா இசையில் 'நித்தம் நித்தம் நெல்லுச்சோறு'. நெய் மணக்கும் கத்தரிக்காய், நேற்று வைத்த மீன்குழம்பு என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல நமக்கு நாக்கில் எச்சில் ஊறும். உஸ்தாதிடம் வருஷக்கணக்கில் ஸ்வரம் பழகிய தொண்டை அது. ஆனால் வித்வத்தை ஓர் இடத்தில்கூடக் காட்டிக்கொள்ளாது. பசித்த ஒரு கிராமத்துப் பெண்ணின் குரல் மட்டும்தான் நம் காதில் விழும். அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தால் எங்கள் அம்மா அரிவாள்மணையில் நறுக்குவதை நிறுத்திவிடுவார். முடிகிற வரைக்கும் பாதி நறுக்கிய காய் கையிலேயே இருக்கும்.

2023 ஜனவரியில் வாணியம்மாவுக்குப் பத்மபூஷண் அறிவித்தார்கள். அதை வாங்க அவர் இல்லை. பிப்ரவரி 4ஆம் தேதி நுங்கம்பாக்கம் வீட்டில் காலமாகிவிட்டார். செய்தி கேட்ட அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சரி, நிலையத்தாரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்து அந்த நெல்லுச்சோற்றுப் பாட்டைத்தான் போடப்போகிறார்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் தீயைக் குறைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.