எடை மெஷினைப் பார்த்து நடப்பதை நிறுத்தாதீர்கள்

வணக்கம் மக்களே. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பேசுகிறேன். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருபவர்களில் முட்டி வலிக்காரர்கள்தான் அதிகம். அவர்களில் நிறைய பேர் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நடந்தால் எடை குறையும், எடை குறைந்தால் முட்டி வலி போய்விடும். கொஞ்ச நாள் தேவனாம்பட்டினம் பீச்சில் நடக்கிறார்கள். மெஷினில் ஏறிப் பார்த்தால் அதே எடை. சரி, இது நமக்கு ஆகாது என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்காத விஷயம் இதுதான். அந்த நடையால் முட்டிக்கு நல்லது நடக்கத் தொடங்கியிருக்கும். அதை எடை மெஷின் காட்டாது.

இதைச் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மெஸ்ஸியர் குழு நடத்திய ‘ஐடியா’ என்ற ஆய்வு 2013-ல் வெளியானது. முட்டித் தேய்மானமும் கூடுதல் எடையும் உள்ள 454 பேர், எல்லோரும் 55 வயதும் அதற்கு மேலும். அவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும், ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி மட்டும், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். பயிற்சி என்றால் வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், நடையும் தசைப் பயிற்சியும் கலந்து. 18 மாதம் தொடர்ந்தார்கள்.

பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு எடை எவ்வளவு குறைந்தது தெரியுமா? 2 சதவீதம். 80 கிலோ ஆள் என்றால் ஒன்றரைக் கிலோ. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு 9.5 சதவீதம், அதாவது ஏழரைக் கிலோ. இப்போது வலியைப் பாருங்கள். “வலி இல்லை, அல்லது மிகக் கொஞ்சம்தான்” என்ற நிலைக்கு வந்தவர்கள் உணவுப் பிரிவில் 100-க்கு 20 பேர், பயிற்சிப் பிரிவில் 22 பேர். ஏழரைக் கிலோ குறைத்தவரும் ஒன்றரைக் கிலோ குறைத்தவரும் வலியில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கிறார்கள்! இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் அந்த நிலைக்கு வந்தவர்கள் 38 பேர். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம் குறைந்தது, 11.4 சதவீதம்.

ஆக, பயிற்சி முட்டிக்கு உதவுவது எடை வழியாக மட்டும் இல்லை. தொடையின் முன்பக்கத் தசை வலுவாக இருந்தால் முட்டி ஆடாமல் நிற்கும், அடி வைக்கும்போது வரும் அதிர்வைத் தசை வாங்கிக்கொள்ளும். வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் முதலில் இளைப்பது அந்தத் தசைதான். அப்புறம், “முட்டியில் ஜெல்லு போய்விட்டது, நடந்தால் இன்னும் தேயும்” என்று பயப்படுகிறார்கள். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் போக வேண்டும். மூட்டு மடங்கி நீளும்போது, பாரம் ஏறி இறங்கும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. அளவான நடை அதற்குத் தேவை.

அப்படியானால் எடையைக் கண்டுகொள்ள வேண்டாமா என்றால், கண்டிப்பாக வேண்டும். அதே மெஸ்ஸியர் குழு 2005-ல் கணக்கிட்டுச் சொன்னது: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தால், அடிக்கு அடி ஓர் 20 கிலோ அரிசிப் பையை இறக்கி வைத்த மாதிரி. ஆனால் அந்த ஐந்து கிலோ பெரும்பாலும் தட்டில்தான் குறைய வேண்டும். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்வதை நிறுத்துங்கள். முதுநகர் மீன் கிடைக்கும் ஊரில் இருக்கிறோம், எண்ணெயில் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். தசைக்குப் புரதம் வேண்டும், எனவே மீன், முட்டை, பருப்பு, சுண்டலைக் குறைக்காதீர்கள். நடந்து முடித்த கையோடு பீச்சில் பஜ்ஜி சாப்பிட்டால் நடையில் செலவானது திரும்பி வந்துவிடும்.

வீட்டில் செய்ய இரண்டு பயிற்சி போதும். கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். பத்து முறை. அடுத்தது நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முடியாவிட்டால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பீச்சுக்குப் போனால் பொதபொத மணலில் வேண்டாம், ரோட்டிலேயே நடங்கள், செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். வலி தாங்கும் அளவில் இருந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடருங்கள். வரவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

ஊசி பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை வைத்து, முட்டியில் போடும் ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து வலியும் நடமாட்டச் சிரமமும் பிசியோதெரபி செய்தவர்களுக்குத்தான் குறைவாக இருந்தது. ஊசியே போடாதீர்கள் என்று சொல்லவில்லை, அது உங்கள் டாக்டர் முடிவு. பயிற்சியைத் தட்டிக்கழிக்க ஊசி போடாதீர்கள் என்கிறேன்.

முட்டி திடீரென்று வீங்கி, தொட்டால் சூடாக இருந்தாலோ, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ, மடக்கவும் நீட்டவும் முடியாமல் பூட்டிக்கொண்டாலோ இந்த வீடியோவைப் பார்த்துப் பயிற்சி செய்யாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.