நான் பொறந்த கதை

திருச்சிராப்பள்ளி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிற ஒரு கிராமத்தில் ஊர்ப்புற நூலகராகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துப் படப் புத்தகம் வாசித்துக் காட்டுவேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்வேன்.

பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது பிறந்தநாள் புத்தகங்களைத்தான். ஓரம் நைந்து, ஒட்டுப்போட்ட புத்தகங்களைப் பார்த்தாலே அது தெரியும். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே கதை. குழந்தை எழுந்திருக்கும். வீடு முழுக்கப் பலூன். கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு நண்பர்கள் வருவார்கள். கேக் வரும். மெழுகுவத்தியை ஊதி அணைப்பார்கள். எல்லாரும் கைதட்டுவார்கள்.

ஒருநாள் அந்தக் கடைசிப் பக்கத்தை நான் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, பேத்தியை அழைத்துப்போக வந்த ஒரு அப்பாயி வாசலில் நின்றபடியே கேட்டார்: “ஏன் டீச்சர், புள்ளைக்குப் பொறந்தநாளும் அதுவுமா, எரியிற வெளக்க எதுக்கு ஊதி அணைக்கிறாங்க?”

எனக்குச் சுருக்கென்றது. நம் வீடுகளில் விளக்கை ‘அணை’ என்றுகூடச் சொல்வதில்லை, ‘குளிர வை’ என்றுதான் சொல்வோம். பூவால் திரியை மெல்ல ஒற்றுவோம், வாயால் ஊத மாட்டோம். அந்தப் பக்கத்தை அத்தனை முறை வாசித்திருக்கிறேன், ஒரு தடவையாவது எனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது.

அதற்குள் பேத்தி எழுந்து நின்றாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. “டீச்சர், நான் பொறந்தப்பவும் மெழுகுவத்திதான் வெளிச்சம்! கஜா அடிச்சுதுல்ல, அன்னிக்கு!”

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்புகள் தலைகுப்புறக் கிடந்தன. ஓட்டு வீடுகள் கூரை இழந்து நின்றன. மின்சாரம் வரப் பல நாள் ஆயிற்று. இந்தப் பிள்ளையின் அம்மா நிறைமாதம். சாலையெங்கும் மரம் விழுந்து கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. ஊரே ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறையில், செவிலியர் ஒருவரும் நாலு பெண்களும் சூழ, மெழுகுவத்தி வெளிச்சத்தில் இவள் பிறந்தாள். இப்போது அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். இதையெல்லாம் அன்று அவள் ஒரே மூச்சில் சொன்னாள். தெரியாத இடத்தை அப்பாயி எடுத்துக் கொடுத்தார். பாயில் இருந்த மற்ற பிள்ளைகளுக்குக் கையில் இருந்த புத்தகம் மறந்தே போயிற்று.

அடுத்த வாரம் வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கதை இருந்தது. வீட்டில் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். “நான் சம்பா நடவுல பொறந்தேன், எங்கம்மா வயல்லேருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போச்சாம்.” “வேளாங்கண்ணிக்குக் கொடி ஏறுன அன்னிக்கு நான்.” “நோன்புல, சஹர் நேரத்துல பொறந்தேன்னு நன்னி சொல்லிச்சு.” ஒருவன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “தண்ணி வந்த அன்னிக்கு” என்றான். மேட்டூரை ஜூன் 12 திறந்தால், கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாள் போல ஆகும். அங்கே வெண்ணாற்றில் பிரித்து விட்டு, வாய்க்கால் வாய்க்காலாக ஏறி, எங்கள் கடைமடைக்கு வருவதற்குள் கண் பூத்துப் போகும். அப்படி வந்து சேர்ந்த அன்று பிறந்தவன் என்றால் அந்தப் பெருமை சும்மா இருக்குமா?

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. பிறந்தநாள் புத்தகத்தில் குழந்தை தேடுவது விருந்தை அல்ல, தான் வந்த கதையை. ‘நான் எப்படி வந்தேன், அப்போது யார் யார் இருந்தார்கள், என்னைப் பார்த்து என்ன சொன்னார்கள்?’ இதைத்தான் அது திரும்பத் திரும்பக் கேட்கிறது. விருந்தை மட்டும் வரைகிற புத்தகம் அந்தக் கேள்வியை எட்டுவதே இல்லை.

கேக் மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. மன்னார்குடி பேக்கரியில் கேக் வாங்காத வீடு எங்கள் பக்கம் இப்போது குறைவு. பிள்ளை ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் பரிசுப் பெட்டியாக வரைந்திருக்கும் புத்தகத்தைப் பார்க்கும்போது ஒரு பையன் நினைவுக்கு வருவான். பிறந்தநாளைக்கு வகுப்பில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுக்க வேண்டும், கலர் டிரஸ் போட வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாத வருஷம் அவன் பள்ளிக்கும் போகவில்லை, நூலகத்துக்கும் வரவில்லை. ஏனென்று தெரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் வைத்தோம். யாருக்குப் பிறந்தநாளோ, அன்றைக்கு என்ன புத்தகம் வாசிப்பது என்று அந்தப் பிள்ளைதான் சொல்லும். மிட்டாய் கிடையாது.

பிறந்தநாள் கொண்டாட்டமே நமக்கு வெளியிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். தஞ்சையில் ஐப்பசிச் சதயத்தன்று நடப்பது என்ன? ராஜராஜன் பிறந்த நட்சத்திரத்துக்கு விழா. செப்டம்பர் 8, வேளாங்கண்ணியில் மாதாவின் பிறந்தநாள். அதற்கு எத்தனை ஊரிலிருந்து நடந்தே வருகிறார்கள்! தொல்காப்பியம் அரசனின் பிறந்தநாளைப் பெருமங்கலம் என்கிறது. அங்கே ‘செற்றம் நீக்கி’ என்று வரும். பகையையும் கோபத்தையும் அன்று ஒதுக்கிவிட வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, “அப்ப அன்னிக்கு யாரும் திட்டக்கூடாதா டீச்சர்?” என்று கண்ணை விரித்தார்கள். ‘ராஜா இன்று யாரையும் கோபிக்கவில்லை’ என்று ஒரு படப் புத்தகம் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சொந்தமாகப் புத்தகம் செய்வது என்று அப்போதுதான் முடிவு செய்தோம். அச்சிலே படப் புத்தகங்கள் பெரும்பாலும் 16, 24, 32 பக்கமாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய தாளை மடிக்க மடிக்கப் பக்கங்கள் எட்டு, பதினாறு என்று பெருகும். நாங்களும் மாதக் காலண்டரின் பின்பக்கத் தாளை மடித்து, கோணி ஊசியும் நூலும் கொண்டு முதுகில் தைத்துப் பதினாறு பக்கம் ஆக்கினோம். பிள்ளைகளுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று: படத்தில் தெரிவதை எழுத்தில் மறுபடி எழுதாதே. “அம்மா இன்னும் வரலை” என்று எழுதினால், படத்தில் அம்மா எங்கே இருக்கிறாள் என்று காட்டு. மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறாளா, கையில் பை வைத்திருக்கிறாளா? வாசிக்கிற பிள்ளைக்கு அது தெரியும், கதைக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தெரியாது. பக்கத்தைப் புரட்ட வைப்பது அதுதான். நாலு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கும் அடுத்த மாதமும் ஒன்றுதானே. காத்திருப்பது என்றால் என்னவென்று அதற்குக் கையால் காட்டிக் கொடுப்பது இந்தப் புரட்டல். தண்ணீரோடு வந்தவன் அதைப் பிடித்துக்கொண்டான். மேட்டூர் ஒரு பக்கம், முக்கொம்பு ஒரு பக்கம், கல்லணை ஒரு பக்கம் என்று வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் “இன்னும் வரலை” என்று மட்டும் எழுதினான்.

இந்த நேரத்தில் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியாது. நம் நூலகத் துறைக்கே தந்தை. அவருக்கும் ஆகஸ்ட் 9, 12 என்று இரண்டு பிறந்தநாள் சொல்வார்கள். 12ஐத்தான் நாங்கள் நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம். 1931இல் அவர் நூலகங்களுக்கென்று எழுதிய ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. அதே 1931இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாக வாசகரைத் தேடிப் போனார்.

கஜாவில் பிறந்தவளின் புத்தகத்துக்குக் கறுப்புக் கிரேயான் ஒன்று முழுதாகத் தீர்ந்தது. பதினாலு பக்கம் காற்றும் இருட்டும் சாய்ந்த தென்னையும். பதினைந்தாம் பக்கம் பள்ளிக்கூடத்துக் கதவு. கடைசிப் பக்கத்தில் கறுப்பே இல்லை. ஒரு மெழுகுவத்தி, அதன் பக்கத்தில் துணியில் சுற்றிய சின்னதாக ஒன்று, சுற்றிலும் முகங்கள். கீழே அவள் எழுதியிருந்தாள்: “நான் பொறந்தேன். யாரும் ஊதலை.”

அந்தப் புத்தகத்துக்கும் எண் போட்டு அலமாரியில் வைத்தேன். முதலில் எடுத்துப் போனவர் அவளுடைய அப்பாயி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பதிவேட்டில் கைநாட்டுத்தான் வைத்தார். இரண்டு வாரத் தவணை முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

வணக்கம்.